இரண்டு புரி நூலைப் பிரித்தால் முறுக்கு எங்கே போகும்? டிஎன்ஏ பாடத்தில் ஒரு சந்தேகம்

பெருந்துறை_முறுக்கு · வெள்ளி, இரவு 9.48

எல்லோருக்கும் வணக்கமுங்க. பொண்ணு பிளஸ் டூ, உயிரியல் குரூப். ராத்திரி சாப்பிட்ட பிறகு அவளோடு உட்கார்ந்து நானும் பாடத்தைப் படிப்பது வழக்கம். நான் படித்தது பத்தாவது. இருபத்திரண்டு வருசமாக நூல் முறுக்கும் தொழில், டிஎஃப்ஓ மிசின் ஓட்டுகிறோம்.

இந்த வாரம் டிஎன்ஏ. ஏணியை முறுக்கினது போல இரட்டைச் சுருள். அடினினுக்கு எதிரே தைமின், குவானினுக்கு எதிரே சைட்டோசின். முதல் ஜோடிக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு, அடுத்ததற்கு மூன்று. இதுவரை நன்றாகவே புரிந்தது. ஒரு பக்கம் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் எதிர்ப்பக்கத்தை நாமே எழுதிவிடலாம். அதனால்தான் நகல் எடுக்க முடிகிறது என்று பொண்ணு சொன்னாள். அழகான ஏற்பாடு.

அடுத்த பக்கத்துப் படத்தில்தான் எனக்கு இடிக்கிறது. ஜிப் திறப்பது போல இரண்டு இழையும் நடுவில் பிரிந்து நிற்கிறது. டபுள் நூலை அப்படிப் பிரிக்க முடியாதுங்க. ஒரு முனையைக் கட்டிவைத்து, மறுமுனையில் இரண்டு புரியையும் இரு கையில் பிடித்து இழுத்துப் பாருங்கள். ஒரு முழம் பிரிவதற்குள் முன்னால் இருக்கிற நூல் இறுகி, தன்மேலேயே சுருண்டு சுருக்கு விழுந்துவிடும். அதற்கு மேல் நூல் அறுந்தாலும் அறும், பிரியாது. டிஎன்ஏவில் அந்த முறுக்கு எங்கே போகிறது?

இன்னொன்று. நகல் எடுக்கும்போது ஒரு இழை ஒரே ஓட்டமாக உருவாகிறதாம், மற்றது துண்டு துண்டாக. ஏன் என்றால், "பாலிமரேஸ் 5'-லிருந்து 3' திசையில் மட்டும்தான் வேலை செய்யும்" என்று பொண்ணு ஒப்பிக்கிறாள். புது இழையை உருவாக்குகிற நொதிதான் பாலிமரேஸாம். ஏன் அந்தத் திசையில் மட்டும்? அதற்கு அவளிடமும் பதில் இல்லை, நான் தேடின வரைக்கும் புத்தகத்திலும் கிடைக்கவில்லை.

---

ஆனைமலை_கயிறு · வெள்ளி, இரவு 10.15

நீங்கள் சொல்வது சரிங்கண்ணா. தேங்காய் நார்க் கயிற்றிலும் இதே கதைதான். இருபுரிக் கயிற்றைப் பிரிக்கும்போது மறுமுனை கொக்கியில் சுற்றிக்கொண்டிருந்தால் கயிறு முழுக்கச் சுழன்று முறுக்கை விட்டுவிடும். கொக்கி இறுகிவிட்டால் பத்தடி கூட நகராது.

அதனால் என் கேள்வி: டிஎன்ஏவின் முனை சும்மா கிடக்கிறதா, கட்டியிருக்கிறதா?

---

மார்க்_முக்கியம் · வெள்ளி, இரவு 10.31

அண்ணா, பரீட்சைக்கு ஜிப் படமே போதும். ஹெலிகேஸ் பிரிக்கும், பாலிமரேஸ் சேர்க்கும், லைகேஸ் ஒட்டும். ஐந்து மார்க் வந்துவிடும். பாப்பாவுக்கு இப்போது முறுக்குக் கணக்கெல்லாம் சொன்னால் குழம்பிவிடுவாள்.

---

கோபி_டீச்சர் · சனி, காலை 6.20

தம்பி மார்க்_முக்கியம், அப்படிச் சொல்லிவிட வேண்டாம். முப்பது வருசம் இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன். ஒரு பிள்ளை கூட "முறுக்கு எங்கே போகும்" என்று கேட்டதில்லை, நானாகவே எடுத்துச் சொன்னதும் இல்லை. இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

பெருந்துறைக்காரரே, உங்களுக்கு வந்த சந்தேகம் சாதாரணமானது அல்ல. வாட்சனும் கிரிக்கும் 1953 ஏப்ரலில் இரட்டைச் சுருள் அமைப்பை வெளியிட்டார்கள். மறு வருசமே மாக்ஸ் டெல்புருக் என்ற பெரிய விஞ்ஞானி இதே கேள்வியை எழுப்பினார். இவ்வளவு சுற்றையும் பிரித்து எடுப்பது நடக்கிற காரியமாக அவருக்குத் தெரியவில்லை. ஆகவே சுற்றுக்குச் சுற்று இழைகள் அறுந்து, பழையதும் புதியதும் மாறி மாறி ஒட்டிக்கொள்கின்றனவோ என்று ஒரு வழி சொன்னார். அது எப்படி ஆயிற்று என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கணக்கு. டிஎன்ஏவில் ஒரு முழுச் சுற்றுக்குச் சுமார் 10 ஜோடிகள். நம் குடலில் இருக்கும் ஈ. கோலை பாக்டீரியாவின் டிஎன்ஏ ஏறக்குறைய 46 லட்சம் ஜோடி. அதாவது நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுகள். ஓர் இடத்தில் தொடங்கி இரண்டு பக்கமும் பிரித்துக்கொண்டே போய், 40 நிமிடத்தில் முழுதும் நகலெடுத்து முடிக்கிறது. ஒவ்வொரு பக்கமும் வினாடிக்குச் சுமார் 1000 ஜோடி, அப்படியென்றால் வினாடிக்கு 100 சுற்று. நிமிடத்துக்கு 6000 சுற்று என்று சொன்னால் ஸ்பிண்டில் ஓட்டுகிறவர்களுக்கு அந்த வேகம் கையில் தெரியும்.

கயிற்றுக்காரத் தம்பி கேட்டதற்கு: முனை சும்மா கிடக்கவில்லை. ஈ. கோலையின் டிஎன்ஏவுக்கு முனையே கிடையாது, அது ஒரு வளையம். நம்முடையதற்கு முனை உண்டு. ஆனால் அது அவ்வளவு நீளம், அங்கங்கே புரதங்களில் பிடித்துவைத்தது. முழுக்கயிறும் சுழன்று முறுக்கை விடுவதற்கு வழியில்லை.

அதனால் செல் என்ன செய்கிறது தெரியுமா? வெட்டுகிறது. டோபோஐசோமரேஸ் என்ற நொதி, பிரியும் இடத்துக்கு முன்னால் போய் ஒரு புரியை மட்டும் அறுக்கும். அறுந்த முனையைக் கைவிடாமல் தன்னோடு பிணைத்துப் பிடித்துக்கொள்ளும். அந்த ஒற்றைப் புரி இன்னொன்றைச் சுற்றிச் சுழன்று இறுக்கம் தளர்ந்ததும், அறுத்த இடத்தை அதுவே ஒட்டிவிடும். இன்னொரு வகை இரண்டு புரியையும் அறுத்து, அந்த இடைவெளி வழியாக வேறொரு பகுதியை நுழைத்து எடுத்து, மறுபடி ஒட்டும். முதல் டோபோஐசோமரேஸை ஜேம்ஸ் வாங் 1971-இல் ஈ. கோலையில் கண்டுபிடித்தார். சுருள் தெரிந்து 18 வருசம் கழித்துத்தான் உங்கள் சுருக்குக்கு விடை கிடைத்தது.

---

கரூர்_மருந்துக்கடை · சனி, காலை 8.05

டீச்சர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கடையில் சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை கொடுக்கிறோமே, அது அடிப்பது இந்த நொதியைத்தான். பாக்டீரியாவில் இருக்கும் கைரேஸ் ஒரு டோபோஐசோமரேஸ். அது அறுத்து வைத்த இடத்தை ஒட்டவிடாமல் மருந்து நடுவில் உட்கார்ந்துகொள்ளும். டிஎன்ஏ அறுந்தபடியே நிற்க, பாக்டீரியா செத்துப்போகும். நம் செல்லில் இருக்கும் நொதியின் அமைப்பு வேறு, அதனால்தான் மருந்து கிருமியை மட்டும் தேடி அடிக்கிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் அதை வாங்கிப் போடாதீர்கள், பாதியில் நிறுத்தவும் நிறுத்தாதீர்கள்.

---

பெருந்துறை_முறுக்கு · சனி, காலை 11.30

டீச்சருங்க, படித்துவிட்டு மிசின் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். அறுத்து, பிடித்து, சுழலவிட்டு, ஒட்டுவது! அறுந்த நூலைப் பிடித்து முடிச்சுப் போடவே எங்கள் ஆட்களுக்கு எத்தனை மாசம் பழக வேண்டியிருக்கிறது.

தொழில்காரன் கேள்வி ஒன்று. டிஎன்ஏ எஸ் முறுக்கா, இசட் முறுக்கா?

---

நொய்யல்கரை · சனி, பகல் 12.10

இதற்கு நான் பதில் சொல்கிறேன் அண்ணா. கோவையில் எம்எஸ்சி உயிர்த்தொழில்நுட்பம் படிக்கிறேன், அப்பா ஸ்பின்னிங் மில்லில் இருந்தவர்.

இசட் முறுக்கு. நூலை நிமிர்த்திப் பிடித்தால் புரிகள் இசட் எழுத்தின் நடுக்கோடு போல வலப்பக்கம் ஏறும். வலக்கைச் சுருள் என்று புத்தகம் சொல்வது அதைத்தான். ஒற்றை நூலை இசட்டில் நூற்று, டபுள் போடும்போது எஸ்ஸில் முறுக்குவதுதானே வழக்கம். ஆக உங்கள் டபுள் நூலைக் கண்ணாடியில் காட்டினால் தெரிவது டிஎன்ஏவின் முறுக்கு. ஓர் எச்சரிக்கை: பாப்பா மேல்படிப்பில் 'இசட் டிஎன்ஏ' என்று ஒன்றைப் படிப்பாள். அது இடக்கைச் சுருள், நம் கணக்கில் எஸ் முறுக்கு. அதன் முதுகெலும்பு வளைந்து வளைந்து போவதால் வந்த பெயர் அது, முறுக்கின் பெயர் அல்ல.

மில்காரர் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். டிஎன்ஏவை எக்ஸ்ரே படம் எடுத்த ரோசலிண்ட் பிராங்க்ளின், அதை ஒரு மெல்லிய நாராக இழுத்துத்தான் கருவியில் வைத்தார். காய்ந்த நார் ஒரு மாதிரிப் படம் கொடுத்தது. ஈரப்பதத்தை 90 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோனதும் நார் நீண்டு மெலிந்து, படமே மாறிவிட்டது. ஈரமான அந்த வடிவத்தை எடுத்ததுதான் 1952 மே மாதத்தின் 51ஆம் எண் படம். அதைக் கருவியில் எடுத்தவர் அவருடைய மாணவர் ரேமண்ட் கோஸ்லிங். நடுவில் பெருக்கல் குறி போல விழுந்த அந்த வடிவம், சுருள் என்பதற்குச் சாட்சி. காற்று காய்ந்தால் நூல் அறும் என்று ஹியூமிடிட்டி பார்த்துப் பார்த்து மில் ஓட்டுகிற ஊரில் பிறந்த எனக்கு, அந்தம்மா ஈரப்பதத்தை அளந்து அளந்து வேலை செய்ததைப் படித்தபோது நமக்குத் தெரிந்த ஒருத்தரைப் போலவே தோன்றியது. 1958-இல், 37 வயதில் புற்றுநோயில் இறந்துவிட்டார். வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது 1962-இல். அவர் பெயரைப் பாப்பாவிடம் சொல்லாமல் இந்தப் பாடத்தை முடிக்காதீர்கள்.

அப்புறம், நேற்று இரவு ஒரு கணக்குப் போட்டேன். டிஎன்ஏவின் குறுக்களவு 2 நானோமீட்டர். ஒரு லட்சம் மடங்கு பெரிதாக்கினால் 0.2 மில்லிமீட்டர், ஏறக்குறைய 20ஆம் நம்பர் நூலின் பருமன். நம் ஒரு செல்லில் இருக்கும் டிஎன்ஏவை நீட்டினால் 2 மீட்டர். அதையும் ஒரு லட்சம் மடங்காக்கினால் 200 கிலோமீட்டர். கோவையிலிருந்து ஈரோடு போய்த் திரும்பி வருகிற தூரம். எடை போட்டால் ஆறு கிலோ நூல், 46 துண்டுகளாக. அது அத்தனையும் இரண்டடி அகலக் கூடை ஒன்றில் கிடக்கிறது, ஏனென்றால் செல்லின் உட்கரு அவ்வளவுதான். அந்தக் கூடைக்குள்ளேயே மொத்தத்தையும் பிரித்து, நகலெடுத்து, சிக்கில்லாமல் இரண்டு பங்காகப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

---

ஆனைமலை_கயிறு · சனி, மாலை 5.40

ஆறு கிலோ நூல் கூடையில் என்றதும் வயிற்றைக் கலக்குகிறது. ஒரு கிலோ சிக்கை எடுக்கவே ஒரு பகல் போய்விடும்.

பழைய புரி ஒவ்வொன்றும் புதுப்புரியோடு சேர்ந்துகொள்கிறது என்கிறார்கள். டீச்சர் சொன்ன டெல்புருக், அறுந்து மாறி மாறி ஒட்டும் என்றாராம். இதில் எது உண்மை என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? பழைய புரிக்குச் சாயமா போட முடியும்?

---

நொய்யல்கரை · சனி, மாலை 6.25

கிட்டத்தட்ட சாயம்தான் போட்டார்கள் அண்ணா, எடையால் சாயம். 1958-இல் மெசல்சன், ஸ்டால் இருவரும் ஈ. கோலையைக் கனமான நைட்ரஜன் மட்டுமே இருக்கும் ஊட்டத்தில் பல தலைமுறை வளர்த்தார்கள். டிஎன்ஏ முழுக்கக் கனமாகிவிட்டது. பிறகு சாதாரண நைட்ரஜனுக்கு மாற்றினார்கள். இனி உருவாகும் புரி எல்லாம் லேசு. டிஎன்ஏவை எடுத்து, சீசியம் குளோரைடு கரைசலில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 45,000 சுற்றில் மணிக்கணக்காகச் சுழற்றினால், கனமானது கீழேயும் லேசானது மேலேயும் பட்டையாக நிற்கும்.

ஒரு தலைமுறை கழித்து ஒரே பட்டை, சரியாக நடுவில். பழைய கயிறு அப்படியே இருந்து புதுக்கயிறு தனியாகப் பிறந்திருந்தால் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று இரண்டு வந்திருக்கும். வரவில்லை. இரண்டாவது தலைமுறையில் பாதி நடுவில், பாதி மேலே. டெல்புருக் நினைத்தபடி துண்டு துண்டாகக் கலந்திருந்தால் எல்லாமே கொஞ்சம் லேசாகி ஒரே பட்டையாக இருந்திருக்க வேண்டும். அதுவும் இல்லை. பழைய புரி முழுசாகவே இருக்கிறது, பக்கத்தில் புதுப்புரி ஒன்று. பாப்பாவின் புத்தகத்தில் 'பாதி பழமை பேணும் முறை' என்று இருப்பது இதுதான்.

---

கோபி_டீச்சர் · சனி, இரவு 7.15

டெல்புருக் பக்கம் நான் ஒரு வார்த்தை பேச வேண்டும். கலந்து ஒட்டுகிறது என்றது தப்பாகப் போயிற்று. ஆனால் அறுத்து ஒட்டாமல் இந்த முறுக்கைப் பிரிக்க முடியாது என்று அவருக்குத் தோன்றியது பொய்யில்லை. டோபோஐசோமரேஸ் அதைத்தானே செய்கிறது.

---

மார்க்_முக்கியம் · சனி, இரவு 9.02

சரி, நானும் ஒழுங்காகப் படிக்கிறேன். திசைக் கேள்விக்கு நான் நினைப்பது: இரண்டு இழையும் எதிரெதிர் திசை. பாலிமரேஸின் வடிவம் ஒரு பக்கமாகத்தான் பொருந்தும், அதனால் ஒரு திசை. அவ்வளவுதானே?

---

கோபி_டீச்சர் · ஞாயிறு, காலை 6.45

முதல் பாதி சரி தம்பி. இரண்டு இழையும் பக்கத்துப் பக்கத்துத் தண்டவாளம், ஒன்று ஈரோட்டை நோக்கி, ஒன்று கோவையை நோக்கி. 5', 3' என்பது சர்க்கரையில் இருக்கும் கார்பனின் எண். ஆனால் "வடிவம் பொருந்தாது" என்பது பதில் ஆகாது. எதிர்த்திசைக்குப் பொருந்துகிற இன்னொரு பாலிமரேஸை இத்தனை கோடி வருசத்தில் இயற்கை ஏன் வைத்துக்கொள்ளவில்லை? அதைத்தானே அவர் கேட்கிறார்.

டிஎன்ஏ இழையின் ஒவ்வோர் எழுத்தும் ஒரு நியூக்ளியோடைடு. அதில் ஒன்றைச் சேர்க்க ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றல் மூன்று பாஸ்பேட்டாக வருகிறது. யார் கொண்டுவருவது என்பதில்தான் விசயம் இருக்கிறது. வேலைக்குப் புதிதாக வருகிறவர் தன் சோற்றைத் தன் தூக்குப்போசியில் கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்து வரிசையின் கடைசியில், 3' முனையில், கை கோக்கிறார். கோத்ததும் இரண்டு பாஸ்பேட் கழன்று போகும், அந்த ஆற்றலில் பிணைப்பு உண்டாகும். தப்பான ஆள் வந்து நின்றுவிட்டால்? பாலிமரேஸ் ஓரடி பின்வாங்கி அவரை வெட்டி வெளியே அனுப்பும். நட்டமில்லை. அடுத்து வருகிறவர் அவருடைய தூக்குப்போசியோடுதான் வருவார்.

இப்போது திசையைத் திருப்புங்கள். 5' முனையில் வளர வேண்டுமென்றால், அடுத்தவருக்கான சோறு ஏற்கெனவே வரிசையின் கடைசியில் நிற்பவர் கையில் இருந்தாக வேண்டும். தப்பான ஆள் என்று அவரை அனுப்பினால் போசியும் அவரோடு போய்விடும். மிச்சம் நிற்கிற முனையில் ஆற்றல் இல்லை, அடுத்தவரைச் சேர்க்க முடியாது, வேலை அங்கேயே நின்றுவிடும்.

அதாவது பிழையைத் திருத்திக்கொண்டே மேலே போக வேண்டுமென்றால் 5'-லிருந்து 3' திசைதான் கட்டுபடியாகும். பாலிமரேஸ் எழுதும்போது சுமார் லட்சத்துக்கு ஒன்று தப்பாகிறது. கையோடு பின்வாங்கித் திருத்துவதில் அது கோடிக்கு ஒன்றாகிறது. பின்னால் சரிபார்க்க வருகிற புரதங்களும் சேர்ந்து 100 கோடிக்கு ஒன்று என்ற அளவுக்குக் கொண்டுவந்துவிடுகின்றன. நம் மரபுத்தொகுதி ஒன்றில் 300 கோடி ஜோடி. இந்தத் திருத்தம் இல்லாவிட்டால் ஒவ்வொரு செல் பிரியும்போதும் ஆயிரக்கணக்கில் பிழை சேரும்.

அதற்குக் கொடுக்கிற விலைதான் அந்தத் துண்டுகள். பிரிகிற இடத்தைப் புத்தகத்தில் இரட்டிப்பாதல் கவை என்கிறார்கள். கவைக்குச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிளையில் பாலிமரேஸ் கவையை நோக்கியே ஓடலாம். மற்றக் கிளையில் கவைக்கு முதுகைக் காட்டித்தான் எழுத முடியும். கவை இன்னும் கொஞ்சம் பிரிந்ததும் திரும்ப முன்னால் வந்து அடுத்த துண்டைத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் பிரைமேஸ் என்ற நொதி ஒரு சின்ன ஆர்என்ஏ தொடக்கம் போட்டுக் கொடுக்கும். பிறகு அதை நீக்கி, இடத்தை டிஎன்ஏவால் நிரப்பி, லைகேஸ் ஒட்டும். பாக்டீரியாவில் ஒரு துண்டு 1000 முதல் 2000 நியூக்ளியோடைடு, நம்மிடம் 100 முதல் 200.

ஒகசாகி என்பதை ஒரு ஆள் பெயராகவே பிள்ளைகள் எழுதுகிறார்கள். அது கணவன் மனைவி இருவர், ரெய்ஜி ஒகசாகி, சுனேகோ ஒகசாகி. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் 1960-களின் பிற்பாதியில் இதைக் கண்டுபிடித்தார்கள். ரெய்ஜி ஹிரோஷிமாக்காரர். குண்டு விழுந்தபோது பள்ளி வயதுப் பையன். 1975-இல் ரத்தப் புற்றுநோயில் இறந்தபோது அவருக்கு வயது 44. சுனேகோ அம்மா வேலையை நிறுத்தவில்லை. துண்டுக்குத் தொடக்கம் போடும் அந்த ஆர்என்ஏவைப் பற்றி அதன்பிறகும் ஆராய்ந்தார்.

---

பெருந்துறை_முறுக்கு · ஞாயிறு, இரவு 8.20

டீச்சருங்க, தூக்குப்போசி பதிலைப் பொண்ணிடம் வாசித்துக் காட்டினேன். "அப்பா, இன்னொரு தடவை" என்றாள். மூன்றாவது தடவை அவளே எனக்குச் சொன்னாள்.

அப்புறம் திண்ணையில் நார்க்கயிறு ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். தூணில் ஒரு முனை. அவள் மறுமுனையில் புரிகளைப் பிரித்தாள். இரண்டு சாண் வந்ததும் முன்னால் கயிறு விறைத்து, ஒரு சுருக்கு மேலே எழும்பியது. அரிவாளால் ஒரு புரியை மட்டும் அறுத்தேன். அறுந்த முனை என் விரலை உரசிக்கொண்டு மற்றப் புரியை இரண்டரைச் சுற்றுச் சுற்றிவிட்டு நின்றது. சுருக்கு படுத்துவிட்டது. முனைகளை நார் வைத்துக் கட்டினோம். அவள் மறுபடி பிரித்தாள், அடுத்த இரண்டு சாண் சுலபமாக வந்தது. அவள் அம்மாவையும் கூப்பிட்டு ஒரு தடவை செய்து காட்டினாள்.

அதற்குப் பிறகு பொண்ணு ஒரு கேள்வி கேட்டாள். துண்டு துண்டாக எழுதுகிற இழையில், ஒவ்வொரு தொடக்கத்தையும் நீக்கிவிட்டு அடுத்த துண்டின் பக்கமிருந்து நிரப்புகிறார்கள். சரி, டிஎன்ஏவின் கடைக்கோடியில் இருக்கிற தொடக்கத்தை நீக்கினால் அந்த இடத்தை எது நிரப்பும்? அதற்கு அப்பால் துண்டே இல்லையே?

---

பவானி_பாவு · ஞாயிறு, இரவு 9.10

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இந்தக் கேள்வி என் தறியில் இருக்கிறது. பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல், தீரும்போது கடைசி முழத்தை நெய்ய முடியாதுங்க. அந்த நூலை ஏற்றி இறக்குகிற விழுதுக்குப் பின்னால் நூல் பிடிக்க இடம் வேண்டும், அந்த நீளம் எப்போதும் நெய்யாமலே நிற்கும். அது தெரிந்துதான் பாவு போடும்போதே நீளம் சேர்த்துப் போடுகிறோம். டிஎன்ஏவிலும் அப்படி ஏதாவது சேர்த்து வைத்திருக்கிறதா டீச்சர்?

---

கோபி_டீச்சர் · ஞாயிறு, இரவு 9.55

வைத்திருக்கிறது. பாப்பா கேட்டதும் நீங்கள் சொன்னதும் ஒரே விசயம்.

கடைக்கோடி நிரம்பாது. ஒவ்வொரு முறை செல் பிரியும்போதும் நம் டிஎன்ஏ முனையில் கொஞ்சம் குறைகிறது. அதனால் முனையில் எந்தச் செய்தியும் எழுதாமல், தைமின் தைமின் அடினின் குவானின் குவானின் குவானின் என்ற ஆறு எழுத்தே ஆயிரம் தடவைக்கு மேல் திரும்பத் திரும்ப வருகிற ஒரு நீளம் இருக்கிறது. டெலோமியர் என்று பெயர். போவது அதிலிருந்து போகும், உள்ளே இருக்கும் மரபணுவுக்குச் சேதமில்லை. தலைமுறைக்குத் தலைமுறை போக வேண்டிய செல்களில் டெலோமரேஸ் என்ற நொதி அந்த நீளத்தைத் திரும்பச் சேர்த்துவிடும். எலிசபெத் பிளாக்பர்னும் கரோல் கிரைடரும் குளத்துத் தண்ணீரில் வாழும் ஒரு செல் உயிரியில் அதைக் கண்டுபிடித்தார்கள். ஜாக் ஷோஸ்டாக்கையும் சேர்த்து மூவருக்கும் 2009-இல் நோபல் பரிசு. ஈ. கோலைக்கு இந்தக் கவலையே கிடையாது, அது வளையம்.

பாப்பாவிடம் ஒரு வேலை சொல்லுங்கள். திண்ணையில் அறுத்துக் கட்டின அந்தக் கயிற்றை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றோடும் சாயம் போட்ட புதுப்புரி ஒன்றைச் சேர்த்து முறுக்கட்டும். பிறகு அந்த இரண்டையும் பிரித்து இன்னொரு தடவை. நாலு கயிறில் பழைய நார் எத்தனை கயிற்றில் இருக்கிறது என்று எண்ணிவிட்டு எனக்கு எழுதச் சொல்லுங்கள்.

---

பெருந்துறை_முறுக்கு · திங்கள், காலை 6.10

ஸ்கூலுக்குக் கிளம்புவதற்கு முன்னால் முறுக்கி முடித்துவிட்டாளுங்க. நாலில் இரண்டு.